பக்கவாத்தியம் இல்லாத கச்சேரி: வயலினும் பியானோவும் இணையும் மேடையைப் புரிந்துகொள்வோம்

மேடையில் ஒரு பெரிய கறுப்புப் பியானோ, மூடி திறந்தபடி. அதன் வளைவில் வயலினுடன் ஒருவர் நிற்கிறார். மிருதங்கம் இல்லை, தம்பூரா இல்லை, பாடகர் இல்லை. பெரும்பாலும் ஒலிபெருக்கியும் இருக்காது. ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ அந்த இருவர் மட்டுமே வாசிப்பார்கள்.

ஜார்ஜ் டவுனில் இத்தகைய கச்சேரிக்கு அறிவிப்பு வந்தால், "அது வெள்ளைக்காரன் சங்கீதம், நமக்கு எங்கே புரியப் போகிறது" என்று கடந்துபோகும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. வீட்டிலேயே ஒரு பிள்ளை கோயில் வகுப்பிலோ ஆசிரியரிடமோ வயலின் கற்றுக்கொண்டிருந்தாலும், அதே கருவி இன்னொரு மரபில் எப்படி ஒலிக்கிறது என்பதை நேரில் கேட்கும் வாய்ப்பு அந்தப் பிள்ளைக்குக் கிடைக்காமல் போகிறது. இந்தக் கச்சேரியைக் கேட்க ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை, நோட்டு படிக்கத் தெரிய வேண்டியதில்லை. சில அடிப்படை விவரங்கள் தெரிந்திருந்தால் போதும்.

வயலின் நம் கைக்கு வந்த கதை

இன்று வயலின் இல்லாத கர்நாடக இசைக் கச்சேரியைக் காண்பது அரிது. ஆனால் அது நம்மிடம் வந்து ஏறத்தாழ 200 ஆண்டுகள்தான் ஆகின்றன. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786-1858), குடும்பம் சென்னைக்கு அருகே மணலியில் வாழ்ந்த காலத்தில், ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று அதைக் கர்நாடக இசைக்குப் பழக்கினார். பிறகு எட்டயபுரம் அரண்மனை வித்துவானாக விளங்கினார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு, திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் அவையில் வயலினை நிலைநிறுத்தினார். 1834-இல் மன்னர் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசாகத் தந்தார்.

அண்ணன் முத்துசுவாமி தீட்சிதரும் ஐரோப்பிய இசையைக் கேட்டுக் காதை மூடிக்கொள்ளவில்லை. ஆங்கிலேய பேண்டு வாத்தியங்களின் மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதச் சொற்களை அமைத்துப் பாடல்கள் செய்தார். நோட்டுஸ்வர சாகித்தியங்கள் எனப்படும் அவை ஏறத்தாழ 40. அவற்றில் ஒன்று பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டில் அமைந்தது. இன்றும் பிள்ளைகளுக்குத் தொடக்கப் பாடமாக அவை சொல்லித் தரப்படுகின்றன.

பினாங்கிலும் வயலின் ஓர் இனத்துக்கு மட்டும் சொந்தமாக இருந்ததில்லை. மலாய்க்காரர்கள் அதைப் பியோலா என்கிறார்கள். ரோங்கெங், டோண்டாங் சாயாங் ஆகிய இசை வகைகளில் பாட்டை நடத்திச் செல்வது அதுதான். 1929-இல் இந்தத் தீவில் பிறந்த பி. ரம்லி, நடிகராகவும் இயக்குநராகவும் ஆவதற்கு முன் இசைக்கலைஞராகவே அறியப்பட்டார். வயலினும் பியானோவும் அவருக்குக் கைவந்த கருவிகள். 1948-இல் புக்கிட் மெர்தாஜாமில் அவருடைய திறமையைக் கண்டு சிங்கப்பூர் சினிமாவுக்கு அழைத்தவர் பி. எஸ். ராஜன்ஸ் என்ற இந்திய இயக்குநர்.

ஆக, ஜார்ஜ் டவுன் அரங்கில் ஒருவர் வயலினைத் தோளில் வைக்கும்போது, அது தமிழருக்கு முன்பின் தெரியாத கருவி அல்ல. தெரிந்த கருவி, வேறு நடையில் பேசுகிறது.

இரு கருவிகள், இரு குணங்கள்

கர்நாடக வயலின் கலைஞர் தரையில் அமர்ந்து, கருவியின் தலைப்பகுதியை வலது கணுக்காலில் ஊன்றி, மறுமுனையை மார்பில் சாய்த்து வாசிப்பார். இதனால் இடது கைக்குக் கருவியைத் தாங்கும் வேலை இல்லை. கம்பியின் மேல் விரல் தாராளமாக வழுக்கிச் சென்று கமகம் பிடிக்க முடிகிறது. மேற்கத்திய கலைஞர் நின்றபடி, தாடைக்கும் தோளுக்கும் நடுவே கருவியைப் பிடித்து வாசிப்பார். அவர் விரல்கள் ஒவ்வொரு சுரத்தின் மேலும் நேராக இறங்கும். பிறகு அங்கேயே மெல்ல அதிரும்.

சுருதி கூட்டும் முறையும் வேறு. நம் வயலினின் நான்கு கம்பிகள் ச-ப-ச-ப என்று பாடகரின் சுருதிக்கு ஏற்ப அமைகின்றன. மேற்கத்திய முறையில் ஜி, டி, ஏ, ஈ என்று நான்கும் நான்கு வேறு சுரங்கள். பாடகர் யாராக இருந்தாலும் அது மாறாது.

பியானோவுக்கு 88 கட்டைகள். 52 வெள்ளை, 36 கறுப்பு. கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தியல் கம்பியைத் தட்டும். 1700-ஆம் ஆண்டு வாக்கில் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி உருவாக்கிய அமைப்பு இது. மெதுவாகத் தொட்டால் மெல்லிய ஒலி, வேகமாகத் தொட்டால் பெரிய ஒலி. வீணையில் மீட்டிய நாதம் போலவே, பியானோவில் எழுந்த ஒலியும் எழுந்த கணத்திலிருந்து தேயத் தொடங்கிவிடும். வயலினில் வில் ஓடும் வரை ஒலி நிற்கும், வளரவும் செய்யும்.

இன்னொரு வேறுபாடும் முக்கியமானது. பியானோவில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் இடையில் எதுவும் இல்லை. கமகம் வராது. ஹார்மோனியத்துக்கும் இதே குறைதான். கமகத்தைக் காட்ட முடியாது என்ற காரணத்தை முன்வைத்தே அகில இந்திய வானொலி 1940-இல் ஹார்மோனியத்துக்குத் தடை விதித்தது. 1971-இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. ஆனால் வயலினால் எளிதில் செய்ய முடியாத ஒன்றைப் பியானோ செய்யும். பத்து விரல்களால் பல சுரங்களை ஒரே நேரத்தில் எழுப்பும். ஒரு மெட்டுக்கு அடியில் இன்னொரு மெட்டை ஓட்டும்.

ஒன்று இழுக்கும், ஒன்று தட்டும். ஒன்று பாடும், ஒன்று பல குரல்களைக் கட்டி நிறுத்தும். பொருந்தாத இந்த இரு குணங்களை ஒன்றாக உட்காரவைப்பதுதான் இந்தக் கச்சேரியின் சவாலும் சுவையும்.

யார் யாருக்குப் பக்கவாத்தியம்?

நம் கச்சேரியில் வயலின் பக்கவாத்தியம். பாடகர் போகும் வழியில் நிழல்போல் தொடரும். துவாரம் வெங்கடசாமி நாயுடு, லால்குடி ஜெயராமன் போன்ற மேதைகள் தனிக்கச்சேரி செய்து காட்டிய பின்தான், வயலின் நடு மேடைக்கும் உரியது என்பது நிலைபெற்றது.

மேற்கில் நடந்த கதையும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. அங்கேயும் தொடக்கத்தில் வயலின் துணைக்கருவிதான், ஆனால் பியானோ வகைக் கருவிக்குத் துணை. மோசார்ட்டின் முதல் சொனாட்டாக்கள் 1764-இல் பாரிசில் அச்சாயின. அப்போது அவருக்கு வயது 8. அவை "வயலின் துணையுடனும் வாசிக்கலாம்" என்ற வகையில் வெளிவந்த கட்டைக்கருவி இசை. வயலின் இல்லாமலும் ஒப்பேற்றலாம் என்பது அதன் பொருள்.

இருபது ஆண்டுகளுக்குள் நிலைமை மாறிவிட்டது. 1784-இல் ரெஜினா ஸ்திரினசாக்கி என்ற இத்தாலிய வயலின் கலைஞருடன் வியன்னாவில் வாசிக்க மோசார்ட் ஒரு சொனாட்டா எழுதினார். நேரமில்லாததால் ரெஜினாவின் பகுதியை மட்டும் முழுமையாக எழுதிக் கொடுத்துவிட்டு, தன் பகுதியை ஏறக்குறைய வெற்றுத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு மனத்திலிருந்தே வாசித்தார் என்பது பிரபலமான கதை. அந்தக் கையெழுத்துப் பிரதியில் பியானோ பகுதி வேறு மையில், இடுக்கி இடுக்கி எழுதப்பட்டிருப்பது இந்தக் கதைக்கு வலு சேர்க்கிறது. அந்தப் படைப்பில் வயலின் துணை அல்ல, பங்காளி.

முழுச் சமநிலைக்கு அதைக் கொண்டு சென்றவர் பேத்தோவன். அவர் எழுதிய பத்து வயலின் சொனாட்டாக்களில் ஒன்பதாவது மிகவும் புகழ்பெற்றது. அது எழுதப்பட்டது ஜார்ஜ் பிரிட்ஜ்டவர் என்ற வயலின் கலைஞருக்காக. அவருடைய தந்தை மேற்கிந்தியத் தீவுகள் வழிவந்த ஆப்பிரிக்க வம்சாவளியினர், தாய் ஐரோப்பியர். 1803 மே 24 அன்று காலையில் வியன்னாவில் பேத்தோவன் பியானோவில் அமர, பிரிட்ஜ்டவர் வாசித்தார். இரண்டாம் பகுதியைப் படியெடுக்கக்கூட நேரம் இல்லை. பேத்தோவனின் கையெழுத்துப் பிரதியையே எட்டிப் பார்த்து அவர் வாசித்தார்.

பிறகு இருவருக்கும் மனத்தாங்கல் ஏற்பட்டது. 1805-இல் படைப்பு அச்சானபோது அதைப் பேத்தோவன் பிரெஞ்சுக் கலைஞர் ரொடால்ஃப் குரூட்சருக்குக் காணிக்கையாக்கினார். குரூட்சர் அதைப் பொது மேடையில் வாசித்ததே இல்லை. ஆனாலும் உலகம் அதை இன்றுவரை "குரூட்சர் சொனாட்டா" என்றே அழைக்கிறது. முதன்முதலில் உயிர் கொடுத்த கறுப்பினக் கலைஞரின் பெயர் நெடுங்காலம் அடிக்குறிப்பாகவே கிடந்தது. உழைத்தவன் பெயர் ஒன்று, பலகையில் பெயர் இன்னொன்று என்பது தோட்டத்து மக்களுக்கு விளக்கத் தேவையில்லாத கதை.

இந்தச் சொனாட்டாவைக் கேட்க வாய்த்தால் தொடக்கத்தைக் கவனிக்கலாம். முதலில் வயலின் மட்டும் தனியாகப் பேசும். பிறகு பியானோ, அதே பேச்சைச் சற்று இருண்ட தொனியில் திருப்பிச் சொல்லும். சமமானவர்கள் இருவர் பேசத் தொடங்கிவிட்டார்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

சொனாட்டாவைக் கேட்பது எப்படி?

சொனாட்டா என்பது பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு பகுதிகள் கொண்ட நீண்ட படைப்பு. வேகமான ஒரு பகுதி, மெதுவான ஒரு பகுதி, மீண்டும் வேகமான ஒரு பகுதி என்பது பொதுவான அமைப்பு. முதல் பகுதியில் வழக்கமாக இரண்டு மெட்டுகள் அறிமுகமாகும். நடுவில் அவை உடைத்து, திருப்பி, வேறு சுருதிகளில் அலசப்படும். கடைசியில் தொடக்க மெட்டுகள் வீடு திரும்பும். நம் நிரவலுக்கும் கற்பனாஸ்வரத்துக்கும் இதில் ஓர் ஒற்றுமை உண்டு. எடுத்த வரியை விரிப்பதுதான் இரண்டிலும் வேலை. ஆனால் நம் கலைஞர் அதை மேடையில் அந்த நேரத்தில் செய்கிறார். சொனாட்டாவில் ஒவ்வொரு சுரமும் முன்பே எழுதப்பட்டிருக்கும்.

கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு ஒரு வசதி இருக்கிறது. மேற்கத்தியர் மேஜர் என்று அழைக்கும் சுர வரிசை ஏறக்குறைய நம் சங்கராபரணம். மைனர் எனப்படுவது, வகையைப் பொறுத்து நடபைரவியையோ கீரவாணியையோ ஒத்திருக்கும். பேத்தோவனின் "வசந்தகாலச் சொனாட்டா" எஃப் மேஜரில் அமைந்தது. நம் கணக்கில் நான்கு கட்டை சங்கராபரணம்.

ஆனால் அங்கேயே நின்றுவிடாது. நம் கச்சேரியில் தம்பூரா தொடக்கம் முதல் மங்களம் வரை ஒரே ஆதார சட்ஜத்தைப் பிடித்திருக்கும். மேற்கத்திய இசையில் அந்த ஆதாரமே இடம் மாறும். புறப்பட்ட வீட்டிலிருந்து வேறொரு வீட்டுக்குப் போய், அலைந்து, திரும்பி வரும். கேட்பவருக்கு இடையில் ஏற்படும் தவிப்பும், முடிவில் வரும் நிம்மதியும் இந்தப் பயணத்தால்தான்.

பெல்ஜியத்தில் பிறந்த சேசார் பிராங்க் 1886-இல் எழுதிய ஏ மேஜர் சொனாட்டா, முதன்முறை கேட்பவரையும் ஈர்க்கும். வயலின் கலைஞர் யூஜின் இசாயிக்கு அவர் தந்த திருமணப் பரிசு அது. அதன் கடைசிப் பகுதியில் பியானோ ஒரு மெட்டைத் தொடங்கும். சில நொடிகள் கழித்து வயலின் அதே மெட்டை அதே வரிசையில் தொடங்கிப் பின்தொடரும். அண்ணன் நடக்க, தம்பி அவன் கால்தடத்திலேயே காலை வைத்து நடப்பதுபோல் இரண்டும் சேர்ந்தே போகும். அதே ஆண்டு டிசம்பரில் பிரசல்ஸ் நகரின் அருங்காட்சியக அரங்கில் அது வாசிக்கப்பட்டபோது இருட்டிவிட்டது. ஓவியங்கள் இருந்த இடம் என்பதால் விளக்கேற்ற அனுமதி இல்லை. கலைஞர்கள் மீதியை இருட்டிலேயே மனப்பாடமாக வாசித்து முடித்தார்கள் என்று பிராங்கின் மாணவர் வின்சென்ட் தாந்தி எழுதி வைத்திருக்கிறார்.

நவீனப் படைப்புகள் ஏன் வேறாக ஒலிக்கின்றன?

இருவர் கச்சேரியின் பிற்பகுதியில் பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டுப் படைப்புகள் வரும். சில இடங்களில் காதுக்குக் கரடுமுரடாகத் தோன்றலாம். அது தவறாக வாசித்ததால் அல்ல. பழைய இணக்கத்தை வேண்டுமென்றே விட்டு விலகி, புதிய ஒலிகளைத் தேடியதன் விளைவு.

பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் ராவெல், வயலினும் பியானோவும் அடிப்படையிலேயே ஒத்துப்போகாத கருவிகள் என்று கருதினார். அந்த ஒவ்வாமையை மறைக்காமல் காட்டவே 1923 முதல் 1927 வரை உழைத்து ஒரு சொனாட்டா எழுதினார். அதன் இரண்டாம் பகுதியின் பெயர் புளூஸ். அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை அது. அங்கே வயலின் கலைஞர் வில்லை ஓட்டாமல் விரலால் கம்பியைச் சுண்டுவார். சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்குவார். நம் காதுக்கு அது சட்டென்று நெருக்கமாகிவிடும்.

ஹங்கேரியின் பேலா பார்ட்டோக், ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய் உழவர்களின் பாடல்களைச் சேகரித்தவர். அவருடைய "ருமேனிய நாட்டுப்புற நடனங்கள்" 1915-இல் பியானோவுக்காக எழுதப்பட்டு, பின்னர் சோல்டான் செக்கெய் என்ற கலைஞரால் வயலினுக்கும் பியானோவுக்கும் அமைக்கப்பட்டது. ஆறு சிறு நடனங்கள், எல்லாம் சேர்ந்து ஆறேழு நிமிடங்கள். பிள்ளைகளுடன் போகிறவர்களுக்கு ஏற்ற படைப்பு. கிராமத்துப் பாட்டு பெரிய அரங்குக்குப் போக முடியும் என்றால், தோட்டத்து உறுமி மேளத்தின் தாளத்தையும் ஒரு நாள் நம் பிள்ளை ஒருவர் எழுதி அங்கே கொண்டு போகலாம்.

எஸ்தோனியாவின் ஆர்வோ பார்ட் 1978-இல் எழுதிய "ஷ்பீகல் இம் ஷ்பீகல்" இதற்கு நேர் எதிர். "கண்ணாடிக்குள் கண்ணாடி" என்பது தலைப்பின் பொருள். பியானோ மூன்று மூன்று சுரங்களாக நிதானமாக நடக்க, வயலின் நீண்ட சுரங்களை மெல்ல இழுக்கும். ஒவ்வொரு வரியும் ஒரே சுரத்தில் வந்து அமரும். தியானம் பழகியவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

கொடுக்கல் வாங்கல் ஒரு பக்கமாக மட்டும் நடக்கவில்லை. பிரான்சின் ஒலிவியே மெசியான், 13-ஆம் நூற்றாண்டில் சாரங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரத்தில் உள்ள தாளங்களை ஆராய்ந்து தம் படைப்புகளில் கையாண்டார். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எல். சுப்பிரமணியம், கர்நாடக வயலினோடு மேற்கத்திய இசையையும் பயின்று, 1985-இல் சுபின் மேத்தா நடத்திய நியூயார்க் பில்ஹார்மோனிக் இசைக்குழுவுடன் தம் படைப்பை வாசித்தார். 1986-இல் இளையராஜா வெளியிட்ட "ஹவ் டு நேம் இட்" தொகுப்பு, தியாகராஜருக்கும் பாக்கிற்கும் சமர்ப்பணம். அவருடைய சினிமாப் பாடல்களின் இடையிசையில் வயலின்கள் அடுக்கடுக்காக எழுவதைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு, இந்த ஒலி உண்மையில் புதிதே அல்ல.

அரங்குக்குப் போகிறவர்கள் அறிய வேண்டியவை

பினாங்கில் இத்தகைய நிகழ்ச்சிகளுக்கு டேவான் ஸ்ரீ பினாங், தஞ்சோங் தோக்கோங் ஸ்ட்ரெயிட்ஸ் கீயில் உள்ள பினாங்பேக் போன்ற அரங்குகளின் அறிவிப்புகளைப் பார்க்கலாம். பினாங்கு பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் நிகழ்ச்சிகளையும், 2010 முதல் நடந்துவரும் ஜார்ஜ் டவுன் திருவிழாவின் பட்டியலையும் கவனிப்பது நல்லது. பெருநிலத்திலிருந்து வருபவர்கள் கடைசிப் படகின் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நலம்.

கோட்டும் டையும் தேவையில்லை. சுத்தமான உடை போதும். கதவு மூடிய பின் வருபவர்களை ஒரு படைப்பு முடியும் வரை வெளியே நிறுத்திவைப்பது வழக்கம் என்பதால், பத்து நிமிடம் முன்னதாகவே இருக்கையில் இருப்பது நல்லது. கைப்பேசியை அணைத்துவிட வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத இடத்தில் சிறு சத்தமும் எல்லாருக்கும் கேட்கும்.

கைதட்டுவதில்தான் பலருக்கும் தயக்கம். நம் கச்சேரியில் நல்ல பிடி விழுந்தால் உடனே "பலே" என்போம், தொடையில் தாளம் போடுவோம். இங்கே சொனாட்டாவின் எல்லாப் பகுதிகளும் முடியும் வரை அமைதி காப்பது மரபு. நிகழ்ச்சித்தாளில் ஒரு படைப்பின் பெயருக்குக் கீழே எத்தனை பகுதிகள் என்று எழுதியிருக்கும். அதை எண்ணிக்கொண்டால் போதும். சந்தேகம் வந்தால், வயலின் கலைஞர் கருவியைத் தோளிலிருந்து இறக்கி அவையை நோக்கித் திரும்பும்வரை காத்திருக்கலாம். தெரியாமல் நடுவில் தட்டிவிட்டாலும் குற்றமில்லை. பேத்தோவன் காலத்து மக்களும் நடுவில் தட்டியவர்கள்தான்.

வயலின் கற்கும் பிள்ளைகள் வில்லைக் கவனிக்கட்டும். ஒரே இழுப்பில் எத்தனை சுரங்கள் வருகின்றன, எங்கே அழுத்தம் கூடுகிறது என்று பார்ப்பது வகுப்பில் கிடைக்காத பாடம். கீபோர்டு பழகும் பிள்ளைகள், பியானோ கலைஞர் வயலினுக்கு வழிவிட்டு எப்போது ஒலியைத் தணிக்கிறார் என்று கவனிக்கட்டும். இருவரும் பேசிக்கொள்வதில்லை. ஒரு மூச்சு, ஒரு தலையசைப்பு, அவ்வளவில் சேர்ந்து தொடங்குகிறார்கள்.

நம் நாட்டில் 1981-இல் தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற அமைப்புகள் நம் மரபு இசையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்து வருகின்றன. மேற்கத்திய முறையில் ஒன்று முதல் எட்டு வரை நிலைத் தேர்வுகள் உண்டு. ஒரே பிள்ளை இரண்டையும் கற்கலாமா என்று பெற்றோர் கேட்பதுண்டு. கருவியைப் பிடிக்கும் முறையும் சுருதி கூட்டும் முறையும் வேறு என்பதால், ஒன்றில் கை பழகிய பின் மற்றொன்றைத் தொடங்குவது எளிது. இரு ஆசிரியர்களிடமும் அதைச் சொல்லிவிடுவது நல்லது. வாங்கும் வயலின் பிள்ளையின் கை நீளத்துக்குப் பொருந்த வேண்டும். அரை, முக்கால் என்று சிறிய அளவுகளிலும் வயலின் கிடைக்கும்.

முதல்முறை போகிறவர்கள் எல்லாவற்றையும் புரிந்துகொள்ள முயல வேண்டாம். ஒரு படைப்பைத் தேர்ந்து, முந்தைய நாள் யூடியூபில் இரண்டு முறை கேட்டுவிட்டுப் போனால், அரங்கில் அந்த மெட்டு வரும்போது காது தானாக நிமிரும். அடுத்த கச்சேரிக்கு இன்னொரு படைப்பு. மணலியில் பாலுசுவாமி தீட்சிதரும் முதலில் காது கொடுத்துக் கேட்டார், பிறகுதான் கருவியைக் கையில் எடுத்தார்.